பழுத்த பாசியில் பாஸ் மீன்: இலையுதிர் காலத் தூண்டில் முறைகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள கன்டர்ஸ்வில் ஏரிக்கு செப்டம்பர் கடைசியில் போனால், ஓடைகளின் வாயிலிருந்து உள்கோடிவரை பச்சைப் பாசி படர்ந்து கிடக்கும். நவம்பர் முடிவதற்குள் அதில் பெரும்பகுதி பழுத்து, அறுந்து, அழுகிவிடும். இடைப்பட்ட இந்த இரண்டு மாதங்களில்தான் லார்ஜ்மவுத் பாஸ் மீன் குளிர்காலத்துக்கு முன் வயிறு நிறையத் தின்ன ஆழமில்லாத இடங்களுக்கு ஏறி வருகிறது. இரண்டடி, நான்கடித் தண்ணீரில் நிற்கும் பெரிய மீனைத் தூண்டிலில் பிடிக்க இதைவிட நல்ல பருவம் குறைவு.

ஆனால் புதிதாக வருபவர்கள் பலர் இந்தப் பருவத்தில்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கோடையில் மீன் கொடுத்த அதே பாசியில் நாள் முழுக்க லூர் (செயற்கை இரை) எறிந்துகொண்டிருப்பதுதான் காரணம். அந்தப் பாசி செத்துக்கொண்டிருக்கும்; மீன் அதைவிட்டு நகர்ந்திருக்கும். இந்த அத்தியாயம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பழுப்பை ஒதுக்குங்கள், மிச்சமிருக்கும் பச்சையைத் தேடுங்கள். லூர், கம்பு, நரம்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பது கன்டர்ஸ்வில் ஏரி. டென்னசி ஆற்றின் குறுக்கே டிவிஏ (டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம்) 1939-இல் கட்டி முடித்த அணையால் உருவானது. சுமார் 69,000 ஏக்கர் பரப்பு, அலபாமாவிலேயே பெரிய ஏரி. பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்னும் பாஸ் தூண்டில் போட்டி 1976, 2014, 2020 ஆகிய ஆண்டுகளில் இங்கே நடந்திருக்கிறது. ஹன்ட்ஸ்வில் நகரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். டென்னசியின் சிக்கமாகா, டெக்சஸின் சாம் ரேபர்ன் போன்ற பாசி நிறைந்த ஏரிகளிலும் இதே முறைகள் பலிக்கும்; மாதக் கணக்கு மட்டும் முன்பின்னாக மாறும்.

தெரிந்திருக்க வேண்டிய அறிவியல்

1. பாசி ஏன் சாகிறது? பகல் குறைகிறது, தண்ணீர் குளிர்கிறது. பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து ஆக்சிஜன் குமிழி பார்த்தோமே, அதே ஹைட்ரில்லாதான் இங்கே முக்கியமான பாசி. அது பனிக்காலத்தில் மேலே மடிந்து, அடியிலுள்ள கிழங்குகளில் இருந்து வசந்தத்தில் மீண்டும் முளைக்கும். ஈல்கிராஸ் என்ற நாடா போன்ற பாசியின் இலைகள் அறுந்து மேலே மிதக்கும். மில்ஃபாயில், கூன்டெயில் இரண்டும் இவற்றைவிட அதிக நாள் பச்சையாக நிற்கும்.

2. செத்த பாசி ஏன் மீனை விரட்டுகிறது? அழுகல் ஆக்சிஜனைத் தின்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் சின்ன மீன் போய்விடும். சின்ன மீன் போனால் பாஸும் போய்விடும். அடர்ந்த பாசிக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில். வெயில் ஏறியதும் பச்சைப் பாசி மீண்டும் ஆக்சிஜனைக் கொடுக்கத் தொடங்கும்.

3. இரை எங்கே போகிறது? ஷேட் என்னும் வெள்ளி நிறச் சின்ன மீன்கள் தண்ணீர் குளிரக் குளிரக் கூட்டமாக ஓடைகளின் உள்கோடிக்கு நகரும். புளூகில் மீன்கள் மிச்சமிருக்கும் பாசிக்குள்ளேயே ஒதுங்கும். பாஸ் இந்த இரண்டின் பின்னாலும் போகும்.

எடுத்துப்போக வேண்டியவை

எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். முதல் ஆண்டுக்கு இரண்டு கம்பு போதும்.

1. கனமான கம்பு: 7 அடி 3 அங்குலம் முதல் 7 அடி 6 அங்குலம்வரை, ‘ஹெவி’ வகை. வேகமான பெய்ட்காஸ்டிங் ரீல். 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு நரம்பு. தவளை லூருக்கும், பாசியைத் துளைத்து இறக்கும் லூருக்கும் இது.

2. நடுத்தரக் கனக் கம்பு: 7 அடி, ‘மீடியம் ஹெவி’ வகை, நுனி சற்றே வளைந்து கொடுப்பது. 15 முதல் 17 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு. லிப்லெஸ் கிராங்க்பெய்ட், ஸ்பின்னர்பெய்ட் வகைகளுக்கு.

3. லூர்கள்: உள்ளீடற்ற ரப்பர் தவளை இரண்டு (கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று), அரை அவுன்ஸ் லிப்லெஸ் கிராங்க்பெய்ட் இரண்டு, ஸ்விம் ஜிக் இரண்டு, 4 அங்குல நண்டு வடிவப் பிளாஸ்டிக் ஒரு பாக்கெட், 4/0 அளவு நேர்த்தண்டு முள், முக்கால், ஒன்று, ஒன்றரை அவுன்ஸ் டங்ஸ்டன் எடைகள், எடை நகராமல் பிடிக்கும் ரப்பர் தடைகள்.

4. கருவிகள்: போலரைஸ்டு கண்ணாடி, நீள மூக்குக் குறடு, முள்ளை வெட்டும் கட்டர், அளவுகோல், நீர் வெப்பமானி (படகில் சோனார் இருந்தால் அதுவே வெப்பத்தையும் காட்டும்).

குறிப்பு: கண்ணாடியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் தண்ணீருக்குள் பாசி பச்சையா பழுப்பா என்று தெரியாது. முள்ளோடு லூர் முகத்துக்குத் திரும்பிப் பறந்து வரும்போது கண்ணைக் காப்பதும் அதுதான்.

முதல் வேலை: பாசியைப் படிப்பது

படகை இறக்கியதும் கம்பை எடுக்காதீர்கள். முதல் அரை மணி நேரம் பார்ப்பதற்கும் கேட்பதற்கும்.

1. ஓடையின் வாயில் தொடங்குங்கள். பிரௌன்ஸ் கிரீக், நார்த் சாட்டி, சவுத் சாட்டி, மட் கிரீக் போன்ற கிளை ஓடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாயிலிருந்து உள்கோடிவரை மெதுவாகப் போய்ப் பாருங்கள். ஏரி முழுவதும் சுற்றுவதைவிட ஓர் ஓடையை முழுசாகத் தெரிந்துகொள்வது மேல்.

2. பாசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பிடி பிடுங்கி, இலையை விரலால் நசுக்கிப் பாருங்கள். உயிருள்ள ஹைட்ரில்லா சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். தண்டை மடித்தால் சட்டென்று முறியும். செத்தது வழவழவென்று சேறு படிந்து, விரல் இடுக்கில் நார் நாராகப் பிரியும். முகர்ந்தால் அழுகல் வாடை வரும். மேலே பழுப்பாக இருந்து, அடித்தண்டு பச்சையாக வந்தால் அந்த இடத்தைக் கைவிட வேண்டாம்.

3. ஆழம் பாருங்கள். பச்சைப் பாசி எந்த ஆழத்தில் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த விளிம்பை ஒட்டிப் பள்ளமோ, பழைய ஓடைத்தடமோ, வாய்க்காலோ இருந்தால் அது முதல்தரமான இடம். மீன் மேலே ஏறித் தின்னவும், சட்டென்று ஆழத்துக்கு இறங்கவும் அதுதான் வசதி.

4. நீர்மட்டம் கவனியுங்கள். கன்டர்ஸ்வில்லின் மட்டம் கோடையில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 595 அடி, குளிர்காலத்தில் 593 அடி. இரண்டே அடி வித்தியாசம்தான். ஆனால் இரண்டடித் தண்ணீரில் நின்ற மீனுக்கு அதுவே எல்லாம். மட்டம் இறங்கும் நாட்களில் கரையோரப் பாசியை விட்டுவிட்டு, ஆழத்தைப் பார்த்த வெளி விளிம்புக்கு வாருங்கள்.

5. இரையைத் தேடுங்கள். தண்ணீர் மேல் ஷேட் துள்ளுகிறதா, கொக்கும் நாரையும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். பறவை நின்றால் மீன் இருக்கிறது. எதுவுமே அசையாத அழகான பாசியைவிட, சின்ன மீன் துள்ளும் அரைகுறைப் பாசி எவ்வளவோ மேல்.

6. காதைக் கொடுங்கள். மேலே பாய் விரித்தாற்போல் அடைந்து கிடக்கும் பாசி மெத்தையை ஒட்டி மோட்டாரை நிறுத்துங்கள். காற்று ஓய்ந்த நேரத்தில் மெத்தைக்கு அடியிலிருந்து ‘டிக்… டிக்… பட்’ என்று விட்டுவிட்டுச் சத்தம் வரும். பாசியின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் புளூகில் உறிஞ்சும் சத்தம் அது. மெத்தையில் ஆங்காங்கே கறுப்பாகத் தட்டு அளவுக்கு ஓட்டைகள் தெரிந்தால், பாஸ் பாய்ந்து கிழித்த இடங்களாக இருக்கலாம். சத்தமும் ஓட்டையும் சேர்ந்திருக்கும் மெத்தையை விட்டு அவசரமாக நகராதீர்கள்.

குறிப்பு: படகுத்துறைகள், வீட்டு ஓரங்களில் பாசிக்கொல்லி மருந்து அடிப்பதும் உண்டு. சுற்றிலும் பச்சையாக இருக்க, ஒரு துண்டு மட்டும் ஒரே சீராகப் பழுத்திருந்தால் மருந்து பட்ட இடமாக இருக்கும். அதைக் கடந்து போய்விடுங்கள்.

வெப்பநிலையை வைத்து இடம் தேர்வு

காலண்டரைவிட வெப்பமானி சொல்வதை நம்புங்கள். பாரன்ஹீட் கணக்கில்:

• 75 டிகிரிக்கு மேல்: பாசி இன்னும் முழு அடர்த்தியில் இருக்கும். ஓடையின் வாய்ப்பகுதி, பிரதான ஆற்றை ஒட்டிய மெத்தைகள். தவளை லூரும் துளைத்து இறக்குவதும் முதன்மை.

• 65 முதல் 75 வரை: பாசி மெலியத் தொடங்கும், நடுவில் ஓட்டைகளும் சந்துகளும் திறக்கும். ஓடையின் நடுப்பகுதிக்கு நகருங்கள். வேகமாக நகரும் லூர்களும் தவளையும் சரிபாதி. இந்தப் பருவத்தின் உச்சம் இதுதான்.

• 55 முதல் 65 வரை: மெத்தைகள் உடைந்து மிதக்கும். மேலே எதுவும் தெரியாத இடத்தில் தண்ணீருக்கடியில் குட்டையான பச்சைத் திட்டுகள் நிற்கும். லிப்லெஸ் கிராங்க்பெய்ட்டுக்கு ஏற்ற நேரம்.

• 55-க்குக் கீழே: ஆழமில்லாத பாசியில் மீன் குறையும். பள்ளத்தின் உதட்டில் மிஞ்சிய கூன்டெயில், மில்ஃபாயில் திட்டுகளை மட்டும் மெதுவாகத் தேடுங்கள்.

ஒரே இரவில் குளிர்காற்று அடித்து வெப்பநிலை பல டிகிரி சரிந்தால், மறுநாள் மீன் பாசியின் உள்ளே ஒடுங்கிவிடும். அன்று வேகமான லூரை வைத்துவிட்டுத் துளைத்து இறக்குங்கள்.

முறை 1: தவளை லூர்

தமிழ்நாட்டில் அல்லிக் குளத்திலும் ஆகாயத்தாமரை ஓரத்திலும் விராலுக்குத் தவளை லூர் போட்டுப் பழகியவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி பொறுமை.

1. மெத்தையின் ஓட்டைக்கு அப்பால் ஐந்தடி தள்ளி விழும்படி எறியுங்கள். ஓட்டையின் மேலேயே விழுந்தால் மீன் கலையும்.
2. கம்பின் நுனியைத் தாழ்த்தி, சின்னச் சின்ன வெட்டாக இழுத்து ஓட்டைவரை கொண்டு வாருங்கள்.
3. ஓட்டையில் நிறுத்துங்கள். ஐந்து எண்ணுங்கள். இருந்த இடத்திலேயே இரண்டு தரம் ஆட்டுங்கள். பெரும்பாலும் மீன் பாய்வது இங்கேதான்.
4. தண்ணீர் வெடித்ததும் இழுக்காதீர்கள். தவளை மறைந்து, நரம்பில் மீனின் பாரம் தெரியும்வரை ஒரு நொடி, இரண்டு நொடி பொறுங்கள்.
5. பாரம் தெரிந்ததும் தொய்வைச் சுற்றி எடுத்து, முழு பலத்தோடு மேல்நோக்கிச் சுண்டுங்கள்.
6. மீனின் தலையை மேலே தூக்கியபடி, நிறுத்தாமல் சுற்றுங்கள். தலை தாழ்ந்தால் பாசிக்குள் புகுந்துவிடும்.

குறிப்பு: மீன் பாய்ந்து தவறவிட்டால், துளைத்து இறக்கும் லூரை உடனே அதே ஓட்டையில் போடுங்கள். இரண்டாவது கம்பு தயாராக இருக்க வேண்டியது இதற்காகத்தான். ஒரே கம்பு என்றால் தவளையையே மீண்டும் அங்கே எறிந்து, இன்னும் நீண்ட நேரம் நிறுத்துங்கள்.

முறை 2: மெத்தையைத் துளைத்து இறக்குதல்

மேலே காய்ந்து தொப்பிபோல் மூடியிருக்க, கீழே வெற்றிடமாக இருக்கும் மெத்தைக்கு இது.

1. பிரெய்டு நரம்பில் முதலில் ரப்பர் தடை, அடுத்து டங்ஸ்டன் எடை, பிறகு முள். ஸ்னெல் முடிச்சுப் போடுங்கள்.
2. எடையைப் பாசிக்கு ஏற்ப மாற்றுங்கள். அடர்த்தியான பச்சை மெத்தைக்கு ஒன்றரை அவுன்ஸ். மெலிந்த மெத்தைக்கு முக்கால் அவுன்ஸ் போதும். துளைத்துப் போகும் அளவுக்கு எடை இருந்தால் சரி, அதற்கு மேல் வேண்டாம்.
3. மெத்தையிலிருந்து பத்துப் பன்னிரண்டடி தள்ளி நின்று, லூரை உயரத் தூக்கிப் போட்டு நேர்குத்தாக விழச் செய்யுங்கள்.
4. துளைத்ததும் நரம்பைத் தொய்வாக விடுங்கள். இறுக்கிப் பிடித்தால் லூர் பாதியிலேயே நின்றுவிடும்.
5. தரையைத் தொட்டதும் இரண்டு தரம் தூக்கி இறக்குங்கள். பிறகு மெத்தையின் அடிப்புறம்வரை தூக்கி, அங்கே லேசாக ஆட்டுங்கள்.
6. ஒன்றும் இல்லையென்றால் வெளியே எடுத்து அடுத்த இடம். ஓரிடத்தில் பதினைந்து நொடிக்கு மேல் வேண்டாம்.

கடி எப்படித் தெரியும்? பலமான இழுப்பை எதிர்பார்க்காதீர்கள். தரையைத் தொட வேண்டிய நேரத்துக்கு முன்பே லூர் நின்றுபோகும். அல்லது நரம்பு பக்கவாட்டில் மெல்ல நகரும். அல்லது தூக்கும்போது ஈரத்துணியைத் தூக்குவதுபோல் ஒரு கனம் தெரியும். மூன்றில் எது வந்தாலும் சுண்டுங்கள்.

முறை 3: லிப்லெஸ் கிராங்க்பெய்ட்

தண்ணீருக்கடியில் குட்டையாக நிற்கும் பச்சைத் திட்டுகளுக்கு.

1. திட்டைத் தாண்டி எறிந்து, லூர் பாசியின் தலையை உரசும் வேகத்தில் சுற்றுங்கள். உரசவே இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். திரும்பத் திரும்பப் புதைந்தால் கூட்டுங்கள்.
2. பாசியில் மாட்டியதும் மெதுவாக இழுக்காதீர்கள். கம்பைப் பக்கவாட்டில் படக்கென்று வெட்டி விடுவியுங்கள்.
3. விடுபட்டதும் ஒரு நொடி விடுங்கள். லூர் ஆடிக்கொண்டே கீழே இறங்கும். கடி பெரும்பாலும் இந்த நொடியில்தான் வரும்.
4. ஓரிடத்தில் ஒரு மீன் கிடைத்தால் உடனே நங்கூரம் போடுங்கள். இந்தப் பருவத்தில் மீன் கூட்டமாக நிற்கும். அதே கோணத்தில், அதே இடத்தில் எறியுங்கள்.

நிறம்: தெளிந்த நீரில் ஷேட் போன்ற வெள்ளி, கலங்கிய நீரில் தங்க நிறம். இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

முறை 4: ஸ்விம் ஜிக்

இலையுதிர் காலத்தின் பெரிய தொல்லை அறுந்து மிதக்கும் பாசி. காற்று அடிக்கும் பக்கத்தில் அது குவியும். ஷேட்டும் அங்கேதான் குவியும். மூன்று முனை முள் கொண்ட லூரை அங்கே போட்டால் எறிகிற ஒவ்வொரு முறையும் குப்பைதான் வரும். ஒற்றை முள்ளும் பாசித் தடுப்பும் உள்ள ஸ்விம் ஜிக் அங்கே ஓடும். பாசிச் சந்துகளின் வழியாக, மேல்மட்டத்துக்கு ஓரடி கீழே, ஒரே சீரான வேகத்தில் சுற்றுங்கள். இடையிடையே கம்பின் நுனியைச் சற்றே ஆட்டுங்கள். மீன் பின்னால் வந்து திரும்பிப் போனால் வேகத்தைக் கூட்டுங்கள். குறைத்தால் மீன் உற்றுப் பார்த்துவிட்டு விலகிவிடும்.

ஒரு நாளின் வரிசை

1. விடிந்தது முதல் எட்டரைவரை: வெளி விளிம்பு. ஷேட் துள்ளும் இடத்தில் ஸ்விம் ஜிக், அல்லது மேல்மட்டத்தில் ஓடும் பஸ்பெய்ட். இந்த நேரத்தில் பாசியின் உட்பகுதி வேண்டாம். அங்கே ஆக்சிஜன் குறைவு.
2. எட்டரை முதல் பதினொன்றுவரை: விளிம்பிலிருந்து உள்ளே உள்ள சந்துகளும் தனித்திட்டுகளும். லிப்லெஸ் கிராங்க்பெய்ட்.
3. பதினொன்று முதல் மூன்றுவரை: வெயில் ஏறியதும் மெத்தைகள். புளூகில் சத்தம் கேட்கும் இடத்தில் தவளை, பிறகு துளைத்து இறக்குதல். பலர் கரையேறிச் சாப்பிடும் இந்த நேரத்தில்தான் பெரிய மீனுக்கு வாய்ப்பு அதிகம்.
4. மூன்று முதல் இருட்டும்வரை: காலையில் மீன் கிடைத்த விளிம்புக்குத் திரும்புங்கள்.

ஓரிடத்தில் இருபது நிமிடம் எறிந்தும் ஒரு கடிகூட இல்லை, சின்ன மீனும் கண்ணில் படவில்லை என்றால் அடுத்த பாசிக்குப் போங்கள். கடி வராவிட்டாலும் இரை தெரிந்தால், இடத்தை மாற்றாமல் லூரை மாற்றுங்கள்.

படகு இல்லாதவர்களுக்கு

சாலைக்காகப் போட்ட கல்லணைகள், ஸ்டேட் பார்க்கின் கரைகள், பாலத்தடி இவையெல்லாம் நடந்தே போகக்கூடிய நல்ல இடங்கள். கரைக்கு நேரெதிராக எறிவதைவிட, கரைக்கு இணையாகப் பாசி விளிம்பை ஒட்டி எறியுங்கள். லூர் நீண்ட நேரம் மீன் நிற்கும் இடத்திலேயே ஓடும். கல்லும் பாசியும் சந்திக்கும் மூலையை விட்டுவிடாதீர்கள். நெடுஞ்சாலை ஓரமாக நிற்கும்போது பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துத்தான் கம்பை வீச வேண்டும். தனியார் வீட்டுக் கரைகளில் அனுமதி கேட்காமல் கால் வைக்கக் கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. போன மாதம் மீன் கிடைத்த இடத்தை விட்டு நகராமல் இருப்பது. பாசி வாரத்துக்கு வாரம் மாறுகிறது; ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துப் பாருங்கள்.
2. பாசிக்குள் மெல்லிய நரம்பு. மூன்று பவுண்டு மீன், மீனளவு பாசியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். 12 பவுண்டு நரம்பு அங்கே அறுந்துவிடும். முள்ளோடு மீன் வீணாகச் சாகும்.
3. தவளை லூரில் அவசரச் சுண்டல். தண்ணீர் வெடிப்பதைக் கண்டு கை தானாக இழுக்கும். எண்ணிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.
4. லூரில் ஒட்டிய பாசியோடு மீண்டும் எறிவது. ஒரு நூலிழை ஒட்டியிருந்தாலும் பாஸ் தொடாது. ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.
5. பெரிய மோட்டாரை மெத்தையருகே வரை ஓட்டி வருவது. ஆழமில்லாத நீரில் மீன் சத்தத்துக்குக் கலையும். நூறடி தள்ளியே நிறுத்தி, டிரோலிங் மோட்டாரிலோ துடுப்பிலோ வாருங்கள்.
6. பாசிக்குள் புதைந்த மீனைப் பலமாக இழுப்பது. நரம்பைத் தொய்யவிடாமல் படகை மீனிடம் கொண்டு போய், பாசியைக் கையால் விலக்கி எடுங்கள்.

பாதுகாப்பு

1. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவரும் பாசியில் கால் சிக்கினால் தவிப்பார். நவம்பர் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களிலேயே கைகால் மரத்துப்போகும்.
2. என்ஜின் கட்-ஆஃப் சுவிட்சின் கயிற்றை உடம்போடு மாட்டுங்கள். 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகள் வேகமாக ஓடும்போது இதை மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம்.
3. புரொபெல்லரில் பாசி சுற்றினால், மோட்டாரை அணைத்த பிறகே கையை வையுங்கள். டிரோலிங் மோட்டார் என்றால் மின் இணைப்பையும் கழற்றுங்கள்.
4. பிரெய்டு நரம்பைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை அறுத்துவிடும். மாட்டிய லூரை விடுவிக்க நரம்பை ஒரு மரத்துண்டில் சுற்றி இழுங்கள். முகத்தை அந்தத் திசையில் காட்டாதீர்கள்.
5. வெயில் காயும் பாம்புகள் மெத்தைகளிலும் மரக்கட்டைகளிலும் கிடக்கும். பார்க்காமல் கையை விடாதீர்கள்.
6. இது வாத்து வேட்டைப் பருவமும்கூட. மறைவிடமோ மிதக்கும் பொம்மை வாத்துகளோ தெரிந்தால் தூரமாக விலகிப் போங்கள். பளிச்சென்ற நிற உடை அணியுங்கள். கயாக்கில் போகிறவர்கள் கொடி கட்டிக்கொள்ளுங்கள்.
7. முள் சதையில் ஆழமாக ஏறினாலோ, கண்ணருகே குத்தினாலோ நீங்களே பிடுங்க வேண்டாம். நரம்பை வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.
8. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பகல் குறைவு, இருட்டு சட்டென்று வந்துவிடும்.

சட்டமும் கடமையும்

மீன்பிடி உரிமம் இல்லாமல் கம்பை வீசக் கூடாது. வேறு மாநிலத்திலிருந்து வருபவர்களுக்குத் தனி உரிமம். மாநில இணையதளத்திலேயே வாங்கலாம். கன்டர்ஸ்வில்லில் 15 அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத் பாஸை வைத்துக்கொள்ள அனுமதியில்லை. விதிகள் மாறக்கூடியவை, ஒவ்வொரு பருவத்திலும் கிளம்புவதற்கு முன் சரிபாருங்கள். சமைக்க மீன் எடுப்பதானால், அந்த ஏரி மீனைச் சாப்பிடுவது பற்றி மாநிலச் சுகாதாரத் துறை தந்திருக்கும் அறிவுரையையும் படியுங்கள்.

மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். கீழ்த்தாடையை ஒரு கையாலும் வயிற்றை மறு கையாலும் தாங்குங்கள். பாசியில் போராடிய மீன் களைத்திருக்கும். படம் எடுப்பதை அரை நிமிடத்தில் முடித்து, பச்சைப் பாசியின் வெளி விளிம்பில், தெளிந்த நீரில் விடுங்கள்.

கரையேறியதும் படகு, டிரெய்லர், காலணி எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் பாசியைப் பொறுக்கி எடுங்கள். தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள். 1950-களில் மீன்தொட்டி வணிகம் வழியாக ஃபுளோரிடாவுக்கு வந்த ஹைட்ரில்லா, இன்று நாட்டின் பல ஏரிகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு சின்னத் தண்டு போதும், புது ஏரியில் வேர் பிடித்துவிடும். இந்தப் பாசி உங்களுக்கு மீன் கொடுக்கிறது என்பதற்காக அதை இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகும் உரிமை யாருக்கும் இல்லை. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், படகைச் சுத்தம் செய்த பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.